கல்லறை மேட்டுக்கு ஏறாத ஜீப்

ஜீப் கொதித்தபோது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு வாளி, அதற்குள் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, பிரஷ், பழைய துணி. ஈப்போவுக்கு வடக்கே செமோரைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட காட்டுக்குள் நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். அப்பாவின் கல்லறை அந்த மேட்டின் உச்சியில் இருக்கிறது. தோட்டத்தில் லோரி ஓட்டியவர், தோட்டத்திலேயே இறந்தார், அங்கேயே அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், மாதா கோயிலின் கூரையைப் பிரித்தார்கள், மரங்களை மாற்றினார்கள். கல்லறைகளை மட்டும் யாரும் தொடவில்லை. தொடவில்லை என்பதால் போகும் பாதையையும் யாரும் பார்க்கவில்லை. மழை அரித்த செம்மண் பாதை. சாதாரணக் கார் பாதி வழியிலேயே வயிறு தட்டி நின்றுவிடும்.

அந்தப் பாதைக்காகத்தான் நான் இந்த ஜீப்பையே வாங்கினேன். பழைய ஜப்பான் டீசல் வண்டி. நில அளவை வேலை செய்த ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. அம்மாவுக்கு முட்டி தேய்ந்து, மேடு ஏற முடியாமல் போன பிறகு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை அவரை மேலே கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் முக்கியமான வேலை. மற்ற நாளில் ஈப்போவில் நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கு ஓட்டிப் போவேன். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன்.

அன்று அக்டோபர் தொடக்கம். நவம்பர் இரண்டாம் தேதி வரும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் வெட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். இரண்டாவது வளைவில் வெப்பமானியின் முள் நகரத் தொடங்கியது. நான் அதைப் பார்த்தேன், பார்க்காதது போல் கொஞ்ச தூரம் ஓட்டினேன். மூன்றாவது வளைவில் முள் சிவப்புக்குள் போய்விட்டது. நிறுத்தி பானட்டைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் போத்தல், மிச்சத் தண்ணீரை வயிறு நிறைந்த குழந்தை மாதிரி கக்கிக்கொண்டிருந்தது.

அம்மா குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். ஆவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்கப்பா லோரி ஒரு நாளும் இப்படி நின்னதில்ல.”

“அந்த லோரி எத்தன தடவ நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்மா.”

“நின்னுச்சு. ஆனா நான் உள்ள இருக்கும்போது நிக்கல.”

சூடு ஆறக் காத்திருந்து, அம்மாவின் வாளியைக் கழுவி, பாதையோர மழைநீர்க் கானில் ஓடிய தண்ணீரை மொண்டு ஊற்றி, வந்த வழியே மெல்லத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா, “திருநாளுக்குள்ள சரியாயிருமா?” என்று கேட்டார். ஆகிவிடும் என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் பள்ளிக்கூட பஸ் வைத்து ஓட்டுகிறார். தன் பஸ்ஸைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகியவர். அதனால் சக்கரம் வைத்த எதுவும் தனக்குத் தெரியாததில்லை என்ற நினைப்பு. வந்தவர் பானட்டுக்குள் தலையை விட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“தெர்மோஸ்டாட்டு. வேற ஒண்ணும் இல்ல.”

“அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். காலையில ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரத்துலயே மேல இருக்கிற ஹோஸ் கல்லு மாதிரி ஆகுது. தண்ணி இன்னும் சூடாகவே இல்ல. அதுக்குள்ள எப்படி அவ்ளோ அழுத்தம் வரும்? இஞ்சினுக்குள்ள எரியற காத்து தண்ணிக்குள்ள வருது. ஹெட் கேஸ்கெட்டு போயிருச்சுன்னு நினைக்கிறேன்.”

இஞ்சின் உடலுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில், எண்ணெயும் தண்ணீரும் வாயுவும் கலக்காமல் தடுக்கும் தகடுதான் அந்தக் கேஸ்கெட். அண்ணன் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினார்.

“பாரு. சுத்தமா இருக்கு. கேஸ்கெட்டு போச்சுன்னா தண்ணி கலந்து எண்ணெய் பால் ஊத்துன மைலோ மாதிரி ஆயிரும். ஆயிருக்கா?”

“எல்லாத்துக்கும் அப்படி ஆகாதுண்ணே. எந்த இடத்துல போயிருக்குன்னு பொறுத்துதான்…”

“யூடியூப்ல பாத்தியாலா?”

பார்த்தேன்தான்.

தண்ணீர் ஓட்டத்தைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். வண்டி கொதித்தது. ரேடியேட்டர் மூடி பழசு என்றார். மாற்றினோம். கொதித்தது. ரேடியேட்டரே அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றி, லகாட்டில் தெரிந்த ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். அதை மாட்டுவதற்குள் என் இரண்டு சனிக்கிழமைகள் போயின. மாட்டியபின் வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். முள் அசையவில்லை. அண்ணன் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சீட்டியடித்தார். “சொன்னேன்லா” என்றார். ஜெலாப்பாங் பக்கம் மேட்டுச் சாலையில் ஏறிய உடனே முள் கிளம்பியது. சீட்டி நின்றது.

எனக்கு எரிச்சல் வண்டி மேல் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நான் செய்யும் வேலை இதுதான். நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இல்லை, இந்தக் குழாயில் இருப்பது வேறு என்று எழுதிக் கொடுப்பது. அதைப் பார்த்து டாக்டர்கள் மருந்தை மாற்றுவார்கள். நான் சொல்லி என் அண்ணன் ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப மாட்டார்.

இஞ்சினில் எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலத் திரவம் விற்கிறார்கள். ரேடியேட்டரின் வாயில் கண்ணாடிக் குழாயை வைத்து, மேலே நிற்கும் காற்றைத் திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆன்லைனில் வாங்கினேன். அண்ணன் வந்து நிற்கும்போதுதான் செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் ரப்பர் உருண்டையை அழுத்தி அழுத்தி விட்டேன். நீலம் முதலில் பச்சையானது, பிறகு எலுமிச்சம்பழ மஞ்சள். மனத்துக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்தது. என் வண்டியின் இஞ்சின் போய்விட்டது என்று நிரூபணமானதற்கு நிம்மதி!

“பாத்தியாண்ணே?”

அண்ணன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆன்லைன்ல வாங்குனதுதான? எல்லாம் டூப்ளிகேட்டு. டீசல் புகை பட்டாலே மாறிரும்.”

நான் உள்ளே போய் அதே திரவத்தைப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்து, முற்றத்தில் வெறும் காற்றை இழுத்துக் காட்டினேன். நீலம் நீலமாகவே இருந்தது. “காத்து வேற, ஜீப்பு வேற லா” என்றார்.

கடைசியில் அவரை நம்பவைத்தது நான் இல்லை. ஒரு காலை இஞ்சின் குளிர்ந்திருந்தபோது, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் சாவியைத் திருப்பினேன். முதலில் குமிழ் ஒன்று வந்தது, பிறகு வரிசையாக, கஞ்சி கொதிப்பது போல. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மிதித்தேன். ரேடியேட்டர் வாயிலிருந்து தண்ணீர் எழும்பி அவர் தாடையிலும் சட்டையிலும் அடித்தது. குளிர்ந்த தண்ணீர்தான். ஆனால் அவர் அப்படியே பின்னால் போய் மதிலில் சாய்ந்து நின்றார். நான் இஞ்சினை அணைத்தேன். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முகத்தைத் துடைத்துவிட்டு, “ஹெட்டக் கழட்டிருவோம்” என்றார். அவ்வளவுதான். நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை இல்லை.

என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே கழற்றினோம். திருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை. நான் வேலை முடிந்து வருவதற்கும் அண்ணன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருக்கும். கூரைத் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. இரண்டு பேரும் கத்திக்கொண்டே வேலை செய்தோம். கத்திப் பேசினால் கோபமில்லாத பேச்சும் கோபமாகத்தான் கேட்கிறது.

டைமிங் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பல்சக்கரங்கள் நின்ற இடத்தை அடையாளம் வைக்க வேண்டும். அண்ணன், அம்மாவின் பெயிண்ட் டப்பாவை உடைத்துப் பிரஷால் கோடு போட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். திருநாள் வேலைகளுக்காக அந்த வாரம் என்னோடு தங்க வந்திருந்தார்.

“டேய், அது உங்கப்பாவுக்கு வாங்குனது.”

“கொஞ்சூண்டுதாம்மா.”

“மிச்சம் இருக்கட்டும்.”

புகைபோக்கிப் பக்கத்து போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருப்பினோம். எல்லாம் வந்தன, மூலையில் இருந்த ஒன்றைத் தவிர. அதைத் திருப்ப அண்ணன் ஸ்பேனரின் நுனியில் இரும்புக் குழாய் மாட்டி முழு பலத்தையும் கொடுத்தார். நிறுத்து, சூடு காட்டிப் பார்க்கலாம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, படக்கென்று தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. உடல் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அண்ணன் முறிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கை கழுவினார்.

ஹெட்டை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். இரும்பு. முதுகு விட்டுப்போகும் கனம். அடியில் ஒட்டியிருந்த கேஸ்கெட்டை நான் பிளேடால் மெதுவாகக் கிளப்பி எடுத்தேன். இரண்டாவது சிலிண்டரின் வளையத்திலிருந்து தண்ணீர் போகும் ஓட்டைவரை ஒரு கருப்புக் கோடு எரிந்து கிடந்தது. பென்சிலால் கிழித்தது போல, அவ்வளவு மெல்லியது. எண்ணெய் போகும் வழி அதற்கு எதிர்ப்புறம், கொஞ்சமும் பழுதில்லாமல். அதனால்தான் எண்ணெய் சுத்தமாக இருந்தது. அதை அண்ணனிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“ம்” என்றார்.

இத்தனை நாள் நான் காத்திருந்தது அந்த ஒரு கோட்டுக்காகத்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சந்தோஷமே வரவில்லை. கால் வலித்தது. மழையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ஹெட் வளைந்திருக்கிறதா, எங்காவது கீறியிருக்கிறதா என்று பார்த்து, அடிப்பரப்பைச் சீவிக் கொடுக்க ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், அமைதியான மனிதர். ஹெட்டை மேசையில் வைத்து நேர்க்கட்டை போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வளைந்திருக்கிறது, சீவினால் போதும், முறிந்த போல்ட்டையும் எடுத்துவிடலாம் என்று மலாயில் சொன்னார். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். பேசோக், நாளைக்கு என்றார். மறுநாள் போனேன். சீவும் கல் தேய்ந்துவிட்டது, புதுசு வருகிறது, நாளைக்கு என்றார். அதற்கு மறுநாள் கல் வந்திருந்தது, மாட்டும் ஆள் வரவில்லை. என் ஹெட் அதே மேசையில், நான் வைத்த அதே கோணத்தில், மேலே யாரோ வைத்த தேநீர்க் குவளையோடு இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவுக்கே கையை விரித்து மன்னிப்பாகச் சிரித்தார். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை. உண்மையில் ஆள் வரவில்லை. காரில் வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் ஒரு அடி அடித்தேன். அது ஓசி கேட்டு வாங்கிய காரின் ஹாரனில் பட்டு, பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் ஹெட் கிடைத்தது. கண்ணாடி போல மின்னியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புதிய கேஸ்கெட்டை அண்ணன் முன்பே வாங்கி வைத்திருந்தார். அடிப்பகுதியைத் துடைத்து, கேஸ்கெட்டை எடுத்துப் பொருத்தப் போனார். பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் நான் சும்மா இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். கேஸ்கெட்டின் தடிமனைச் சொல்லும் அடையாளம் அது. பழையதில் மூன்று, புதியதில் ஒன்று.

“அண்ணே, இது வேற. இது மெல்லிசு.”

“எல்லாம் ஒரே இஞ்சினுக்குத்தான் குடுத்தான் கடைக்காரன்.”

“இஞ்சின் ஒண்ணுதான். தடிமன் மூணு வகை இருக்கு. பிஸ்டன நம்ம தொடல. அப்ப பழசு என்ன தடிமனோ அதத்தான் போடணும். மெல்லிசு போட்டா பிஸ்டன் மேல போய் இடிக்கும்.”

“ஒரு மயிரிழை வித்தியாசம். இடிக்காது.”

“இடிச்சா?”

“கடை சாத்திருப்பாங்க இப்ப. நாளைக்குத் திருநாளு. நாளைக்குக் காலையில மேல போவணுமா வேணாமா?”

“இத மாட்டிட்டு அம்மாவ உள்ள வச்சி மேடு ஏத்துவியா நீ?”

அங்கேதான் எல்லாம் வெடித்தது. வண்டியைப் பற்றிய சண்டையாகத் தொடங்கியது சீக்கிரமே வேறு எங்கேயோ போய்விட்டது. நான் எப்போதும் இப்படித்தான், நாலு எழுத்துப் படித்துவிட்டால் மற்றவன் எல்லாம் முட்டாள் என்று நினைப்பு என்றார். என் பேச்சை முதல் நாளே கேட்டிருந்தால் இந்நேரம் வண்டி ஓடியிருக்கும் என்றேன். தன் பஸ்ஸைக் கூடப் பார்க்காமல் தினமும் இங்கே வந்து நனைந்துகொண்டிருப்பது யாருக்காக என்று கேட்டார். நான் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசினேன். அது துள்ளிப் போய் அம்மாவின் நாற்காலிக் காலில் பட்டு நின்றது.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எழுந்து ஸ்பேனரைக் கால் விரலால் ஓரம் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் உதிரிபாகக் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். சரியான தடிமன் அவர்களிடம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும், இரண்டு மூன்று நாளாகும். வெறும் கையோடு திரும்பினேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். பாதிரியார் கல்லறைகளை மந்திரித்து முடிக்கும் முன்னாவது வாடகைக்கு ஏதாவது கிடைக்குமா என்று ஆட்களைக் கேட்டேன். அந்தப் பாதைக்கு யாரும் சம்மதிக்கவில்லை.

வீட்டில் அம்மா இல்லை. படுக்கை மடித்திருந்தது. பெயிண்ட் டப்பாவும் வாளியும் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பஸ்ஸோடு வந்து சேர்ந்தார், முந்தின நாள் சண்டை முகத்தில் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று, நீ கூப்பிடு, நான் கூப்பிடுகிறேன் என்று மாறி மாறிப் போனை அழுத்திக்கொண்டிருந்தபோது அம்மாவின் போனிலிருந்து ஒரு படம் வந்தது.

செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர். பின்னால் இழுக்கும் தொட்டியில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அம்மா, ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், குடை பிடித்து. தொட்டியின் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் இன்னொரு வயதான அம்மாள் சாமந்திப் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ரப்பர் காலத்தில் என் அம்மாவுக்கு அடுத்த நிரை மரங்களில் பால் வெட்டியவர். அவருடைய மகன் இன்னும் அந்தத் தோட்டத்திலேயே டிராக்டர் ஓட்டுகிறார். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அவரைக் கேட்கலாம் என்று எனக்கோ அண்ணனுக்கோ தோன்றவேயில்லை.

அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நாற்காலியக் கட்டியிருக்காங்களா?” என்று கேட்டார். கயிறு தெரிந்தது. “கட்டியிருக்காங்க” என்றேன். அன்று நாங்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

அம்மா மத்தியானத்துக்கு மேல் வந்தார். செருப்பெல்லாம் செம்மண். கையில் பெயிண்ட். நல்ல பசி. சோறு போட்டுக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்தேன்.

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமேம்மா.”

“சொன்னா நீ வேணாம்ப. அவன் வேற வேணாம்பான். அப்புறம் அதுக்கும் ரெண்டு பேரும் சண்ட போடுவீங்க.”

“உங்களுக்காகத்தானம்மா இத்தன நாளா அந்த ஜீப்போட மல்லுக்கட்டுனோம்.”

அம்மா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“நான் ஜீப்புல போவணும்னு எப்பச் சொன்னேன்? கல்லறைக்குப் போவணும்னுதான சொன்னேன்.”

எனக்கு அப்படியே தலைக்கு ஏறியது. கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கூடத்தில் லீவு கேட்டது, மழையில் நின்றது, ஜெலாப்பாங்குக்கும் வீட்டுக்குமாக அலைந்தது, அண்ணனோடு வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசித் தீர்த்தது, எல்லாம் ஒரு வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அம்மா இன்னும் முடிக்கவில்லை.

“இன்னொண்ணும் சொல்றேன் கேளு. என்னைய அங்க கொண்டுபோய்ப் போட்றாதீங்க. இங்க ஈப்போவுலயே வையுங்க. பஸ் போற ரோட்டுப் பக்கமா.”

“அப்பா பக்கத்துல வேணாமா?”

“அவரு பக்கத்துல இருந்ததெல்லாம் போதும். என்னையப் பாக்க நீங்க ரெண்டு பேரும் அந்த ஜீப்ப நோண்டிக்கிட்டு கெடப்பீங்க. கடைசியில வரவே மாட்டீங்க.”

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். ஊற்றினேன்.

சரியான கேஸ்கெட் வந்தது. அதற்குள் வண்டியை இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அண்ணன் கேட்காமலே வந்து நின்றார். நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டிய போல்ட்டுகளை, அளவு காட்டும் ரெஞ்சை வைத்து அவர் இறுக்கினார். வரிசையை நான் படித்துச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி, உள்ளே மாட்டியிருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பியபோது இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குமிழ் இல்லை. நான் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன், அமுங்கியது. அண்ணனும் பிடித்துப் பார்த்தார்.

“எடு, ஏத்திப் பாப்போம்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் மேட்டுக்குப் போனோம். அம்மாவைக் கூப்பிட்டோம். தான் வேண்டிய அளவு போய்வந்தாயிற்று என்று சொல்லிவிட்டார். நான் ஓட்டினேன். முதல் வளைவு, இரண்டாவது, அம்மா குடையோடு இறங்கிய மூன்றாவது. முள் நடுவில் நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது. என் கண் பாதையில் பாதி, முள்ளில் பாதி. டிராக்டர் சக்கரம் போட்ட தடம் ஆழமாகக் காய்ந்து கிடந்தது. அதற்குள் டயரை விட்டால் ஜீப் தானாக ஏறியது.

மேலே போய் இறங்கியபோது எங்களுக்குச் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை. புல் வெட்டியிருந்தது. சிலுவையும் சுற்றுக்கட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தன, கீழே கொஞ்சம் மட்டும் பெயிண்ட் போதாமல் சாம்பல் நிறமாக விட்டுப்போயிருந்தது. உருகிய மெழுகு வழிந்து உறைந்திருந்தது. நாங்கள் கொண்டுபோன வெட்டுக்கத்தியும் மெழுகுவத்தியும் வண்டியிலேயே இருந்தன. நான் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினேன். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன். அண்ணன் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். செபம் சொன்னோம். நடுவில் ஓரிடத்தில் அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, இரண்டு பேரும் நிறுத்திவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

எழுந்து கால் மண்ணைத் தட்டும்போது அண்ணன் சொன்னார், “அன்னிக்கு அந்த மெல்லிசு மாட்டியிருந்தா பிஸ்டன் போயிருக்கும்.”

யாரோ மூன்றாம் மனிதர் மாட்டப் பார்த்தது போலச் சொன்னார். நான் காத்திருந்தேன், அதற்குமேல் ஏதாவது வருமா என்று. வரவில்லை. எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது.

“போயிருக்கும்” என்றேன்.

சாவியை அவரிடம் கொடுத்தேன். இறக்கத்தில் முதல் கியரில் மெதுவாக இறக்கினார். மழை தூறத் தொடங்கியது.